அண்டை வீட்டார் எடுத்த விழா

போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் 1988இல் யூதப் பண்பாட்டு விழா ஒன்று தொடங்கியது. தொடங்கிவைத்த யானுஷ் மாகூஹ், க்ஷிஷ்டோஃப் கேரட் இருவருமே யூதர்கள் அல்லர். வந்து பார்த்தவர்களும் பெரும்பாலும் கத்தோலிக்கப் போலந்துக்காரர்கள்தாம். நகரத்தில் அப்போது எஞ்சியிருந்த யூதர்கள் சில நூறு பேர். அவர்களிலும் முதியவர்களே அதிகம். போருக்கு முன்பு இதே நகரத்தில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தார்கள். நால்வரில் ஒருவர் என்ற கணக்கு.

தம்முடையது அல்லாத பண்பாட்டை, அதற்கு உரியவர்கள் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட ஊரிலேயே, ஆடிப்பாடிக் கொண்டாடலாமா? விழா வளர வளர இந்தக் கேள்வியும் கூடவே வளர்ந்தது. அமெரிக்காவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வந்த யூதர்களில் சிலர் கோபப்பட்டார்கள், சிலர் நெகிழ்ந்துபோனார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். இந்த விஷயத்தில் அப்படி நகர வேண்டியதில்லை என்பது என் எண்ணம். விழாவுக்கு ஒரு தகுதி உண்டென்றால், அதை மேடைக் கச்சேரிகள் சம்பாதித்துத் தரவில்லை. அவற்றின் நிழலில் சத்தமில்லாமல் நடந்த வேலைகள் சம்பாதித்துத் தந்தன.

விழா நடக்கும் இடம் காஸிமியெஷ். போலந்து மன்னர் மூன்றாம் காஸிமியெஷ் 1335இல் கிராக்கோவை ஒட்டித் தனி ஊராக நிறுவியது, பெயரும் அவருடையதே. 1494இல் கிராக்கோவில் பெரிய தீ விபத்து நேர்ந்தது. அதையடுத்து யூதர்கள்மேல் வன்முறை பாய்ந்தது. அடுத்த ஆண்டு மன்னர் யான் ஓல்பிராஹ்த் யூதர்களை நகரத்திலிருந்து கிளப்பி காஸிமியெஷுக்கு அனுப்பினார். விரட்டப்பட்டு வந்த இடம் சில பத்தாண்டுகளில் ஐரோப்பிய யூதக் கல்வியின் தலையாய இடங்களில் ஒன்றாகிவிட்டது. யூதர்களின் அன்றாட வாழ்வுக்கான சட்டத் தொகுப்பாகிய ஷுல்ஹான் அரூஹ், ஸ்பெயின் வழி வந்த யூதர்களின் வழக்கத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதற்கு மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வழக்கங்களைச் சேர்த்து உரைக்குறிப்பு எழுதியவர் மோசே இஸ்ஸெர்லெஸ், காஸிமியெஷின் ரப்பி, அதாவது யூத மதகுரு. 1572இல் இறந்தார். ரெமூ என்ற சுருக்கப் பெயரால்தான் அவரை எல்லோரும் அறிவார்கள். அவருடைய தந்தை கட்டிய சிறிய ஜெப ஆலயத்துக்கும் அதே பெயர். அதில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

ரெமூ ஆலயத்தின் பின்புறம் பழைய கல்லறைத் தோட்டம். நாஜிகள் அதைச் சீரழித்தார்கள். போருக்குப் பிறகு அகழ்ந்தபோது மண்ணுக்கடியிலிருந்து நூற்றுக்கணக்கான கல்லறைக் கற்கள் வெளிப்பட்டன. முழுதாகக் கிடைத்தவற்றை நிமிர்த்தி வைத்தார்கள். உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி நீண்ட சுவராக எழுப்பினார்கள். ஒரு கல்லில் ஆசீர்வதிக்கும் இரு கைகளின் பாதி, பக்கத்துக் கல்லில் சிங்கத்தின் வால், அடுத்ததில் யாரோ ஒருவருடைய பெயரின் கடைசி எழுத்துகள். யாருடைய கல் எங்கே இருந்தது என்று இனிப் பிரித்துச் சொல்ல வழியில்லை. காஸிமியெஷின் ஏழு ஜெப ஆலயங்கள் சுவரும் கூரையுமாகப் பிழைத்துக்கொண்டன. 1644இல் கட்டிய ஐசக் ஆலயமும், 1862இல் சீர்திருத்த யூதர்கள் கட்டிய டெம்பெல் ஆலயமும் அவற்றில் அடக்கம். டெம்பெல் ஆலயத்தைக் குதிரை லாயமாக்கியிருந்தார்கள் ஜெர்மானியர்கள்.

1941 மார்ச்சில் கிராக்கோவின் யூதர்களை விஸ்துலா ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பொட்குஷே பகுதியில், கெட்டோ என்னும் அடைப்புக்குள் தள்ளினார்கள். மூவாயிரம் பேர் குடியிருந்த தெருக்களில் பதினையாயிரத்துக்கு மேற்பட்டோர். 1943 மார்ச் 13, 14 தேதிகளில் அந்த கெட்டோவையும் காலி செய்தார்கள். உழைக்கத் தெம்புள்ளவர்கள் புவாஷுவ் முகாமுக்கு, மற்றவர்கள் சாவுக்கு. காஸிமியெஷில் பிறந்து வளர்ந்த தச்சர் மொர்தெகாய் கெபிர்திக், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷின் மிகப் பிரபலமான பாட்டுக்காரர்களில் ஒருவர். ப்ஷிட்டிக் என்ற சிற்றூரில் 1936இல் யூதர்கள் தாக்கப்பட்டதை மனத்தில் வைத்து அவர் எழுதிய 'எரிகிறது' என்ற பாட்டு, பின்னால் கெட்டோக்களில் போராட்டப் பாட்டாகவே ஆயிற்று. அவரைக் கிராக்கோவ் கெட்டோவில் 1942 ஜூனில் சுட்டுக் கொன்றார்கள்.

போர் முடிந்ததும் கதை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. உயிர்பிழைத்துத் திரும்பியவர்கள்மேல் 1945 ஆகஸ்டில் கிராக்கோவிலேயே கலவரம். அடுத்த ஆண்டு ஜூலையில் கியெல்ட்ஸே நகரத்தில் 42 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். இவற்றைச் செய்தவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர். 1968இல் கம்யூனிஸ்ட் அரசே 'சியோனிச எதிர்ப்பு' என்ற பெயரில் ஒரு பிரச்சாரத்தை அவிழ்த்துவிட, பதின்மூவாயிரம் யூதர்களுக்குக் குறையாமல் நாட்டைவிட்டுப் போனார்கள். போகாமல் தங்கியவர்களில் பலர் பெயரை மாற்றிக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்கள். காஸிமியெஷ் இடிந்த சுவர்களும் ஏழைக் குடித்தனங்களுமாகக் கிடந்தது. ஆலயங்களில் சில பட்டறைகளாயின, ஒன்று அருங்காட்சியகமாயிற்று. பள்ளிப் பாடத்தில் ஆஷ்விட்ஸ் கொலை முகாம் இருந்தது, அங்கே இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யூதர்கள் என்பது மட்டும் பூசிமெழுகப்பட்டது.

எண்பதுகளின் நடுவில் அந்த மௌனம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. யூத இனப்படுகொலையைப் பற்றி குளோத் லான்ஸ்மான் எடுத்த 'ஷோவா' ஆவணப்படம் 1985இல் வந்து போலந்தில் கொந்தளிப்பை உண்டாக்கியது. 1986இல் யாகியெல்லோனிய பல்கலைக்கழகத்தில் யூத வரலாற்று ஆய்வு மையம் தொடங்கினார்கள். 1987 ஜனவரியில், கிராக்கோவிலிருந்து வரும் கத்தோலிக்க வார இதழ் ஒன்றில், இலக்கியத் திறனாய்வாளர் யான் புவோன்ஸ்கி ஒரு கட்டுரை எழுதினார். நாம் கொல்லவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் பார்த்துக்கொண்டு நின்றதற்கும் அதற்கு முந்தைய வெறுப்புக்கும் பொறுப்பேற்க வேண்டாமா என்பது அதன் சாரம். இதழுக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. விழா பிறந்தது இந்தச் சூட்டில். இஸ்ரேலோடு 1967இல் அறுத்துக்கொண்ட தூதரக உறவைப் போலந்து மீண்டும் ஏற்படுத்திக்கொண்டது 1990இல்தான். விழா அதை முந்திக்கொண்டது.

மாகூஹ் 1960இல் புவாவி என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். விடலைப் பருவத்தில், அறிஞரான ஒரு பெரியவர் சொல்லித்தான் தன் ஊரில் ஒருகாலத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் யூதர்கள் என்பதே அவருக்குத் தெரியவந்தது. வீட்டிலோ பள்ளியிலோ யாரும் சொன்னதில்லை. சபாத் என்னும் ஓய்வுநாளில் யூதர்கள் விளக்கேற்றக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது. அந்த வேலைகளைச் செய்து கொடுக்கும் வேற்று மதத்து அண்டை வீட்டுக்காரர் ஒருவர் அந்நாளைய ஊர்களில் இருப்பார். அந்த வேலையாள் நான் என்றுதான் மாகூஹ் தன்னைச் சொல்லிக்கொள்வது வழக்கம். பணிவாகத் தோன்றினாலும் கெட்டிக்காரத்தனமான பதில். வீட்டுக்காரன் என்று உரிமை கொண்டாடவில்லை, அதே சமயம் வீட்டுக்குள் நுழைய ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது. வீட்டில் ஆள் இல்லாதபோது அந்த வேலையாள் யாருக்காக விளக்கேற்றுகிறான் என்று கேட்டால் அந்தப் பதில் சற்றுத் தடுமாறும்.

முதல் விழா சில திரைப்படங்களும் ஒரு கருத்தரங்குமாகச் சிறிய அளவில் முடிந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி போனபின் மளமளவென்று பெருகியது. கோடையின் தொடக்கத்தில், ஜூன் கடைசியில் ஆரம்பித்து ஒரு வாரம் பத்து நாள் நடந்துவந்தது. காஸிமியெஷின் ஷெரோகா தெருவில் நடந்துவந்த திறந்தவெளிக் கச்சேரிக்கு அனுமதி இலவசம். ஆயிரக்கணக்கில் கூட்டம் நள்ளிரவு தாண்டியும் நின்றது. தெரு என்று பெயர்தானே தவிர அது நீள்சதுரத் திடல். ஒரு முனையில் பழைய ஜெப ஆலயம், பக்கவாட்டில் ரெமூ. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண வீட்டு இசையான கிளெஸ்மர்தான் நெடுநாள் விழாவின் முகமாக இருந்தது. அதை வாசித்தவர்களில் பலர் நியூயார்க்கிலிருந்து வந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுபதுகளில் அமெரிக்க யூத இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு உயிர்ப்பித்த இசை, பிறந்த மண்ணுக்கு அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பியது. விதிவிலக்காக ஒருவர் இருந்தார். லியோபோல்ட் கோஸ்வோவ்ஸ்கி, 1918இல் கிளெஸ்மர் குடும்பத்தில் பிறந்து, முகாமிலிருந்து உயிரோடு மீண்டு, கிராக்கோவிலேயே வாழ்ந்து, நூறு வயதை எட்டி 2019இல் காலமானார். கிராக்கோவை உள்ளடக்கிய பழைய கலீஷியா வட்டாரத்தின் கடைசிக் கிளெஸ்மர் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கண்ணில் படுவது ஷெரோகா கச்சேரி. எனக்கு விழாவின் பகல் நேரம்தான் முக்கியமாகப் படுகிறது. யித்திஷ் மொழி வகுப்பு, எபிரேய எழுத்துக்கலை, காகிதம் வெட்டிச் சித்திரம் செய்யும் பட்டறை, ஹசீதியம் என்னும் யூத பக்தி மரபின் நடனம், சமையல், பழைய யூதக் குடியிருப்புகளைச் சுற்றிக்காட்டும் நடைகள். காகிதச் சித்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாளை இரண்டாக மடித்து, பாதியில் ஒரு மான், ஒரு மரக்கிளை, ஏழுகிளை விளக்கின் மூன்றரைக் கிளைகள் வரைந்து, கூர்கத்தியால் வெட்டி எடுத்துப் பிரித்தால் இரு மான்கள் எதிரெதிரே நிற்கும். போலந்து யூதர்கள் இதை ஜெபத் திசையைக் காட்டுவதற்காகக் கிழக்குச் சுவரில் மாட்டுவார்கள். போலந்துக் குடியானவர்களிடமும் தமக்கேயான காகித வெட்டுக்கலை உண்டு. ஒரு கத்தோலிக்கக் கல்லூரி மாணவி வெட்டப் பழகும்போது தன் பாட்டி வீட்டுச் சுவரையும் நினைத்துக்கொள்வாள். அண்டை வீட்டாராக எண்ணூறு ஆண்டுகள் இருந்ததன் தடயம் சொற்பொழிவைவிட இப்படித்தான் கைக்குப் பிடிபடும். பயிற்றுநர்களில் பலர் வெளிநாட்டு யூதர்கள், மாணவர்களில் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள். கொண்டாட்டம் இங்கே கற்றலாக மாறிவிடுகிறது. கற்பவரிடம் உரிமைக் கேள்வி அவ்வளவு கூர்மையாக எழுவதில்லை.

விழாவையொட்டி 1998 முதல் வழங்கிவரும் ஒரு விருதும் உண்டு. தங்கள் ஊரின் யூதக் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்கிற ஆசிரியர், ஊர் ஜெப ஆலயத்தின் வரலாற்றைத் தொகுக்கிற நூலகர், கல்லறைக் கற்களைத் தேடி மீட்கிற உள்ளூர்க்காரர் என்று யூதர் அல்லாத போலந்துக்காரர்களுக்கு அந்த விருது தரப்படுகிறது. நாஜிகள் கல்லறைக் கற்களைச் சாலை போடப் பயன்படுத்தினார்கள். போருக்குப் பின்னும் உள்ளூர்க்காரர்கள் அவற்றைத் தீட்டுக்கல்லாக, வாசற்படியாக எடுத்துப்போனதுண்டு. அப்படிப்பட்ட வாசற்படி ஒன்றைத் திருப்பிக் கேட்க அண்டை வீட்டுக் கதவைத் தட்டுகிறவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி மறுபக்கம். 1993இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தின் பெரும்பகுதியைக் கிராக்கோவில் எடுத்தார். உண்மையான கெட்டோ இருந்தது ஆற்றுக்கு அக்கரையில். அங்கே புதுக் கட்டடங்கள் எழும்பிவிட்டதால் கெட்டோக் காட்சிகளைக் காஸிமியெஷில் எடுத்தார்கள். படம் உலகெங்கும் ஓடியது. பயணிகள் படத்தில் பார்த்த இடங்களைத் தேடி வந்தார்கள். கெட்டோ இல்லாத இடத்தில் கெட்டோவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வீட்டு வாடகை ஏறியது. உணவகங்கள் முளைத்தன. ஷெரோகாவில் ஒரு கட்டடத்தின் முகப்பில் தச்சர் கடை, மளிகைக் கடை என்று யூதப் பெயர்களோடு பழைய பாணிப் பலகைகள் தொங்கும். உள்ளே போனால் சாப்பாட்டு மேசைகள். கொல்லப்பட்டவர்களின் பெயர்ப்பலகை பசியைத் தூண்டும் அலங்காரமாகிவிட்ட இந்த இடத்தில் எனக்குச் சமாதானம் எதுவும் தோன்றவில்லை.

இன்னும் சங்கடமானது நாணயம் எண்ணும் யூதரின் படம். தாடி வைத்த யூதர் ஒருவர் மேசையில் காசை எண்ணிக்கொண்டிருப்பார். இதை வாங்கி வாசலருகே மாட்டினால் வீட்டில் பணம் தங்கும் என்பது நம்பிக்கை. சனிக்கிழமைகளில் படத்தைத் தலைகீழாகத் திருப்புவார்கள், அவர் சேர்த்த காசு வீட்டில் கொட்டட்டும் என்று. மரப்பொம்மையாகவும் இது கிடைக்கும். மாட்டியவரைக் கேட்டால் வெறுப்பொன்றும் இல்லை, அதிர்ஷ்டத்துக்காகத்தான் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மானுடவியலாளர் எரிகா லேரர் 2013இல் இந்தப் பொம்மைகளையே கிராக்கோவ் இனவியல் அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக வைத்தார். பொம்மையை மறைக்காமல் மேசைமேல் வைத்து, இதை ஏன் செய்கிறோம் என்று செய்பவரையும் வாங்குபவரையும் பார்த்து முகம் சுளிப்பவரையும் ஒரே அறையில் பேசவைத்தது அது. விழாவின் பாட்டுகள் செய்யாத வேலையைச் செய்த கண்காட்சி என்று சொல்வேன்.

யூதர்கள் இல்லாத இடத்தில் யூதர் அல்லாதவர்களே யூதப் பண்பாட்டை நடத்திக்கொள்ளும் இந்த நிலையைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகையாளர் ரூத் எலன் குரூபர் 2002இல் ஒரு புத்தகமே எழுதினார். பெர்லின், பிராக், கிராக்கோவ் என்று ஊர் ஊராகச் சுற்றி எழுதியது. மெய்நிகர் யூதத்தன்மை என்று அதற்குப் பெயர் சூட்டினார். அதை வெறும் போலி என்று அவர் ஒதுக்கவில்லை. அந்த வெறுமையைச் சுற்றி உருவாகும் ஒன்றுக்கும் தனி வாழ்வு உண்டு என்றார். சமூகவியலாளர் ஜெனெவியெவ் சுப்சிட்ஸ்கி 2022இல் வெளியிட்ட நூலில் வேறொரு கோணத்தைக் காட்டுகிறார். போலந்துக்காரர் என்றால் கத்தோலிக்கர் என்று நாட்டை ஒற்றை நிறமாக்குகிறவர்களுக்கு எதிராக, இந்த மண் எப்போதும் பலருடையது என்று நிலைநாட்டத் தாராளவாதப் போலந்துக்காரர்கள் யூத மரபைக் கையில் எடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். ஆகவே விழா ஓரளவு போலந்துக்காரர்கள் தங்களுக்குள் நடத்தும் சண்டை. யூதர்கள் அதில் சாட்சியமாகப் பயன்படுகிறார்கள்.

இந்தச் சண்டையின் எல்லையும் தெரிந்ததே. யான் கிராஸ் என்ற வரலாற்றாசிரியர் 2000இல் போலந்து மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். யெத்வாப்னே என்ற ஊரில் 1941 ஜூலை 10 அன்று யூதர்களைக் களஞ்சியத்தில் அடைத்து எரித்தவர்கள் அதே ஊரின் போலந்துக்காரர்கள் என்று அது சொன்னது. நாடே இரண்டுபட்டது. அடுத்த ஆண்டு அதே நாளில் அதிபர் குவாஷ்னியெவ்ஸ்கி அங்கே போய் மன்னிப்புக் கேட்டார். 2018இல், நாஜிக் குற்றங்களில் போலந்துக்கும் பங்கு உண்டு என்று சொல்வதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கி அரசு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உலகெங்கும் எதிர்ப்பு வந்தபின் சில மாதங்களில் தண்டனைப் பிரிவை நீக்கினார்கள். யூத இசைக்கு நிதி ஒதுக்குவதும் யூதர்களைக் கொன்றது யார் என்று கேட்பவருக்கு வாய்ப்பூட்டு போடுவதும் ஓர் அரசுக்குச் சிரமமில்லாத காரியங்கள் என்பது அப்போது வெளிச்சமாயிற்று. பாட்டு யாரையும் குற்றம் சாட்டுவதில்லை, அதனால் அதை நேசிப்பது எளிது.

குற்றம் சாட்டாமலும் மறக்கவிடாமலும் வேலை செய்ய முடியும் என்பதற்கு லுப்ளின் நகரம் உதாரணம். கிறிஸ்தவ நகரத்துக்கும் யூத நகரத்துக்கும் நடுவில் இருந்த குரோட்ஸ்கா வாயிலில், தோமாஷ் பியெத்ராஷேவிச் தொண்ணூறுகளில் தன் நாடகக் குழுவோடு குடிபுகுந்தார். வாயிலுக்கு அப்பால் யூத நகரம் இருந்த இடத்தில் புல்வெளியும் வாகன நிறுத்துமிடமும். போருக்கு முன் லுப்ளினில் 43,000 யூதர்கள். வாயிலில் உருவான நினைவு மையத்தின் அலமாரிகளில் ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில் 43,000 கோப்புகள். பலவற்றில் பெயர்கூடக் கிடையாது, காலிக் கோப்புதான். அங்கே ஆண்டுதோறும் ஏப்ரல் 19 அன்று பள்ளிப் பிள்ளைகள் ஹெனியோ ஷிட்டோமிர்ஸ்கி என்ற சிறுவனுக்குக் கடிதம் எழுதுவார்கள். 1933இல் பிறந்தவன். 1939 கோடையில் லுப்ளினின் பெரிய தெருவில் ஒரு வங்கியின் படிக்கட்டில் அரைக்கால்சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் புகைப்படம் அவனுடைய கடைசிப் படம். மைதானெக் முகாமில் கொல்லப்பட்டான். பிள்ளைகள் அதே இடத்தில் வைத்த தபால்பெட்டியில் கடிதத்தைப் போடுவார்கள். போருக்கு முந்தைய யூத முகவரிகளுக்கும் கடிதம் அனுப்புவார்கள். அப்படி ஒரு முகவரி இல்லை என்ற முத்திரையோடு அவை திரும்பிவரும். சின்னப் பிள்ளைகளுக்கு இது பாரமில்லையா என்ற கேள்வி நியாயமானதுதான். மேடையிலிருந்து ஒலிக்கும் கிளாரினெட்டைவிட அந்த முத்திரை அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பதும் உண்மை.

லெலூவ் என்ற சிற்றூரில் நடப்பது இன்னொரு வகை, கொஞ்சம் சிரிப்பும் வரும். ஹசீதிய குரு தாவித் பிதெர்மானின் கல்லறை அங்கே உள்ளதால் குளிர்காலத்தில் யூத யாத்திரிகர்கள் வருவார்கள். சபாத்தில் அடுப்பு மூட்டக்கூடாதென்று, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி எல்லாவற்றையும் இரும்புப் பானையில் போட்டு ரொட்டி அடுப்பில் இரவு முழுக்க வேகவிடுவது யூத வழக்கம். அதுதான் சூலெண்ட். உள்ளூர்க் கத்தோலிக்கர்களின் பெருமைக்குரிய உணவு சூலிம்: துருவிய உருளைக்கிழங்கு, அதே இரும்புப் பானை, அதே ரொட்டி அடுப்பு, உள்ளே பன்றி விலா. யூத அண்டை வீட்டாரிடமிருந்து கற்றுக்கொண்டு, பன்றியைச் சேர்த்துத் தமதாக்கிக்கொண்டதாக ஊரார் சொல்கிறார்கள். 2003 முதல் கோடையில் இரண்டு பானைக்கும் சேர்த்து ஒரு திருவிழா எடுக்கிறார்கள். எந்தப் பேராசிரியரும் வகுத்த திட்டமில்லை; கடன் வாங்கியதை ஒப்புக்கொள்ளும் ஊர்.

நம் பக்கத்தில் கொச்சியை நினைக்காமல் இதைப் படிக்க முடியாது. மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டியது. அதன் நானூறாவது ஆண்டு விழாவுக்கு 1968இல் இந்திரா காந்தி வந்தார். அதற்குள்ளாகவே கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டிருந்தார்கள். இப்போது பரவூர், சேந்தமங்கலம் ஆலயங்களைக் கேரள அரசு புதுப்பித்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. யூதப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடிவந்த மலையாளப் பாடல்களை, 2005இல் ஒஃபிரா கம்லியேலோடு சேர்ந்து தொகுத்து வெளியிட்டவர் ஸ்கரியா சக்கரியா, கிறிஸ்தவரான மலையாளப் பேராசிரியர். அண்டை வீட்டார் காத்துக்கொடுப்பது இரு ஊருக்கும் பொது. கொச்சியிலிருந்து போனவர்கள் விரும்பிப் புறப்பட்டவர்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வந்து பார்க்கலாம். கிராக்கோவில் அந்தப் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் பிறக்கவே இல்லை. அருங்காட்சியகச் சீட்டு இரண்டு ஊரிலும் ஒன்றுபோல இருந்தாலும், கிராக்கோவ் விழாவில் ஒரு கணக்கு தீராமல் நிற்பது இதனால்தான்.

ஆனால் தொண்ணூறுகளில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வயதான தாய் சாகும் தறுவாயில், நாம் யூதர் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போவார். பாட்டியின் பெட்டியில் வேறொரு பெயரில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். இப்படித் தெரியவந்தவர்கள் எங்கே போய் யாரிடம் சொல்வது? ஜெப ஆலயத்தின் கதவைத் தட்டக் கூச்சம். எபிரேயம் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் வளர்ந்தவர்கள். விழாக் கூட்டம் அவர்களுக்கு வசதியாக இருந்தது. எல்லோரும் வருகிற இடம், யாரும் யார் நீ என்று கேட்பதில்லை. ஒரு யித்திஷ் வகுப்பில் சேர்ந்து, ஒரு சபாத் விருந்தில் ஓரமாக உட்கார்ந்து, மெல்ல மெல்ல வாயைத் திறக்கலாம். யூதராயிருப்பது வெட்கமோ ஆபத்தோ இல்லை, ஊரே பாட்டு கேட்க வருகிற விஷயம் என்ற சூழலை உண்டாக்கியவர்கள் யூதர் அல்லாத அந்த அமைப்பாளர்கள். விழாவுக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய வலுவான வாதம் இதுதான்.

யூதர்களுக்கென்று ஒரு சமூக மையம் வந்தது அதற்குப் பிறகு. 2002இல் கிராக்கோவ் வந்த பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ், உயிர்பிழைத்த முதியவர்களைச் சந்தித்துப் பேசினார். அவர்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து, பிரிட்டிஷ், அமெரிக்க யூத உதவி அமைப்புகளின் பணத்தில், டெம்பெல் ஆலயத்தின் பின்புறம் மியோடோவா தெருவில் 2008இல் யூத சமூக மையம் திறந்தது. சார்லஸே வந்து வாசல் நிலையில் மெசூசா அறைந்தார். வேத வசனம் எழுதிய தோல்சுருள் அடங்கிய சின்ன உறை அது. யூத வீட்டின் வலதுபக்க நிலைக்காலில் சாய்வாக இருக்கும். போலந்தில் பழைய வீடுகளின் நிலைகளில் அந்தச் சாய்வான பள்ளத்தை மட்டும் இன்றும் பார்க்கலாம், பலமுறை பூசிய சாயத்துக்கு அடியில். வார்சாவைச் சேர்ந்த மி போலின் என்ற சிறு நிறுவனம் அத்தகைய பள்ளங்களை அச்செடுத்து வெண்கலத்தில் வார்க்கிறது. பள்ளம் மேடாகி, தொட்டு முத்தமிடக்கூடிய புது மெசூசாவாகி யாரோ ஒருவர் வீட்டு நிலைக்குப் போகிறது.

மையம் தொடங்கியபோது முதியவர்களுக்கான இடம் என்பதே திட்டம். வெள்ளி இரவு விருந்துக்கு இளைஞர்கள் வரத் தொடங்கியதும் திட்டம் மாறியது. பின்னர் மழலையர் பள்ளியும் ஆரம்பித்தார்கள். 2011 முதல் கோடையில் ஒரு சனிக்கிழமை, சபாத் முடிந்த இரவில், ஏழு ஜெப ஆலயங்களின் கதவுகளையும் எல்லோருக்கும் திறந்துவிடும் நிகழ்ச்சி நடந்துவந்தது. கட்டணம் இல்லை, ஒவ்வோர் ஆலயத்திலும் இன்றைய யூத வாழ்வின் ஏதாவது ஒன்று, இசையோ சமையலோ பேச்சோ. 2014 முதல் ஆண்டுக்கொரு சைக்கிள் பயணம், ஆஷ்விட்ஸின் பகுதியான பிர்கெனாவ் முகாமின் வாசலில் கிளம்பி ஏறத்தாழ 100 கி.மீ. மிதித்து மையத்தின் வாசலில் முடிவது. ஆஷ்விட்ஸைப் பார்த்துவிட்டு நேரே விமான நிலையம் போய்விடும் யூதப் பயணிகளுக்கு, இங்கே உயிரோடு இருப்பவர்களையும் வந்து பாருங்கள் என்று சொல்லும் ஏற்பாடு. திரட்டும் பணம் மையத்தின் செலவுக்குப் போகிறது.

2022 பிப்ரவரியில் உக்ரைன்மேல் ரஷ்யா படையெடுத்ததும் எல்லை தாண்டி வந்தவர்களில் பெருங்கூட்டம் கிராக்கோவில் இறங்கியது. சமூக மையம் சில நாட்களுக்குள் அரிசி, டயப்பர், மருந்து, உடை விநியோகிக்கும் கிடங்காக மாறி, பல மாதங்கள் அப்படியே நடந்தது. வரிசையில் நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் யூதர்கள் அல்லர். விநியோகித்த தன்னார்வத் தொண்டர்களிலும் பலர் யூதர்கள் அல்லர். அதற்கு முன்பே மையத்தின் வேலைகளுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த போலந்து மாணவர்கள்.